முருக்கு பூத்தாச்சு... கூத்துக்குக் கிளம்பலாமா?

இன்டர்னல் மார்க் போட்டாச்சா? அரியர் பேப்பரை எண்ணிப் பாத்தாச்சா? சரி, அந்த சோகக் கதையை விடுங்க. இந்த வாரம் உங்களுக்கு ஒரு சிம்பிள் கேள்வி.

உடம்பு பூரா முள்ளு. இலையெல்லாம் கொட்டிப்போய் மொட்டையா நிக்கும். மாசி, பங்குனி வந்தா மட்டும் உச்சிக் கிளையில ரத்தச் சிவப்பா பூத்துக் குலுங்கும். அது என்ன மரம்?

தெரியலையா? உங்க பாட்டியைக் கேளுங்க, டக்குனு சொல்லுவாங்க. கல்யாண முருங்கை. முள்முருங்கைன்னும் சொல்லுவாங்க, முருக்குன்னும் சொல்லுவாங்க. வேலிக்கு நடுவாங்க, வெற்றிலைக் கொடி ஏற நடுவாங்க, சளி பிடிச்சா இதோட இலையை அரைச்சு அடை சுட்டுப் போடுவாங்க. கல்யாணப் பந்தல்ல இதோட கொம்பையும் சேர்த்து நடுற வழக்கம் இருக்கறதாலதான் பேர்லயே 'கல்யாணம்' ஒட்டிக்கிச்சு.

எனக்கு இந்த மரத்தை அறிமுகம் செஞ்சது பாட்டி இல்லை. ஒரு துரியோதனன்!

ரூம்மேட்டின் பாட்டிக்கு உடம்பு சரியில்லை

ஹாஸ்டல்ல என் ரூம்மேட் ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமத்துக்காரன். அப்போ அது விழுப்புரம் மாவட்டம் (கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-ல்தான்). ரொம்ப அமைதியான பையன். நானோ லைட் மியூசிக் டீம்ல கீபோர்டு வாசிச்சிட்டு, தரையில கால் படாம திரிஞ்ச ஆள். கல்ச்சுரல்ஸ்ல பாட வாடான்னு கூப்பிட்டா, "எனக்குப் பாட்டெல்லாம் வராதுடா"ன்னு நழுவிடுவான்.

ஆனா வருஷா வருஷம் பங்குனி வந்தா போதும், அவன் பாட்டிக்கு உடம்பு சரியில்லாம போயிடும். மூணு நாள், நாலு நாள் ஆளைக் காணோம். திரும்பி வரும்போது கண்ணு ரெண்டும் சிவந்து, தொண்டை கட்டிப்போயிருக்கும். 'பாட்டி மேல எவ்ளோ பாசம் பாரு, அழுது அழுது தொண்டையே கட்டிடுச்சு'ன்னு நாங்களும் நம்பினோம்.

மூணாம் வருஷம் குட்டு உடைஞ்சது. இன்னொரு ப்ரெண்டோட அக்கா கல்யாணத்துக்காக தியாகதுருகம் பக்கம் போயிருந்தேன். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும், "பக்கத்து ஊர்ல திரௌபதி அம்மன் கோயில் திருவிழா, கூத்து நடக்குது, வர்றியா?"ன்னு கூப்பிட்டாங்க. தூக்கம் வராம போனேன்.

நடு ராத்திரி ரெண்டு மணி இருக்கும். ஊரே பாயைப் போட்டு உக்காந்திருக்கு. நடுவுல களம். பின்னாடி ஒரு பெஞ்சு. அதுல ஆர்மோனியப் பெட்டி, மிருதங்கம், முகவீணை. பெஞ்சோரமா ஒருத்தன் தாளத்தைத் தட்டிக்கிட்டு, கழுத்து நரம்பு புடைக்க, ஊருக்கே கேக்குற மாதிரி பின்பாட்டு பாடிட்டிருக்கான்.

நம்மாளு!

கூத்து முடிஞ்சு விடிஞ்ச பிறகு என்னைப் பாத்தான். முகம் வெளிறிப்போச்சு. அவன் கேட்ட முதல் வார்த்தையை இன்னிக்கும் மறக்க முடியலை: "காலேஜ்ல சொல்லிடாதடா."

ஏன்டா, இவ்ளோ சூப்பரா பாடுறேன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "ஹாஸ்டல்ல யாராவது ஓவரா சீன் போட்டா 'போடா கூத்தாடி'ன்னு திட்டுவீங்கள்ல... எங்கப்பா நெசமாவே கூத்தாடிடா"ன்னான்.

'திட்டுவீங்கள்ல'ன்னு அவன் மரியாதைக்குத்தான் பன்மையில சொன்னான். எங்க விங்ல அந்த வார்த்தையை அதிகமா சொன்ன ஆள் நான்தான்.

பீப்பீயும் முகவீணையும்

அன்னிக்கு அவன் வீட்டுக்குப் போனேன். அவங்க அப்பா அப்பதான் முகத்துல இருந்த அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைச்சிட்டிருந்தார். ராத்திரி பூரா துரியோதனனா உறுமின மனுஷன், "வாங்க தம்பி, டீ சாப்டுறீங்களா?"ன்னு கேட்டா எப்படி இருக்கும்? நான் கீபோர்டு வாசிப்பேன்னு பையன் சொன்னதும், ஜமாவுல முகவீணை வாசிக்கிறவரைக் காட்டி, "இவரு கிட்ட ஒரு பாடம் எடுத்துக்கங்க"ன்னு சிரிச்சார்.

முகவீணைன்னா வீணை இல்லீங்க. நாதஸ்வரத்தோட தம்பி மாதிரி, ஒரு முழம்கூட இருக்காது. சத்தம் மட்டும் நாலு தெருவுக்குக் கேக்கும். மைக் இல்லாத காலத்துக் கூத்துக்கு அதுதான் சவுண்ட் சிஸ்டம்.

வாங்கி ஊதிப் பாத்தேன். காத்துதான் வந்தது. அவர் சிரிக்கலை. எந்திரிச்சுப் போய் வாசல்ல இருந்த பூவரச மரத்துல ஒரு இலையைப் பறிச்சுட்டு வந்தார். "முதல்ல இதை ஊதுங்க தம்பி."

நீங்களும் செஞ்சு பாக்கலாம். முத்தாத, கிழியாத இலையா ஒண்ணு எடுங்க. காம்பைக் கிள்ளிடுங்க. ஒரு ஓரத்துல இருந்து பென்சில் கனத்துக்குச் சுருட்டிக்கிட்டே வாங்க. ஒரு முனையை மட்டும் விரலால லேசா நசுக்கித் தட்டையாக்குங்க. அந்த முனையை உதட்டுக்குள்ள வெச்சு ஊதுங்க. பீப்பீ ரெடி! பத்து இலை வீணாப்போகும், பதினோராவது இலை பேசும்.

இதுல ஒரு பிசிக்ஸ் இருக்கு. தட்டையான முனையில இலையோட ரெண்டு மடிப்பும் காத்துல ஒண்ணோட ஒண்ணு மோதி அதிருது. முகவீணை, நாதஸ்வரத்துல வாய் வைக்கிற சீவாளியிலயும் இதே வேலைதான் நடக்குது. அது நாணல் தட்டையில செய்யறது, அவ்ளோதான் வித்தியாசம். வடக்குல ஷெனாய், வெளிநாட்டுல ஓபோ, எல்லாமே இந்தப் பீப்பீயோட சொந்தக்காரங்க. ரெண்டு நாக்கு, நடுவுல காத்து.

அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது. நான் வாசிச்ச கீபோர்டுல நூறு வாத்தியம் இருந்துச்சு. பட்டனைத் தட்டினா ஷெனாய், பட்டனைத் தட்டினா புல்லாங்குழல். ஆனா சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு ஒரு பூவரச இலைதான் சொல்லிக் கொடுத்தது.

கட்டை கட்டினவன் கதை

அடுத்து ஒரு பெரிய மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே ராத்திரி பாத்த துரியோதனன் பிரிச்சு அடுக்கிக் கிடந்தான்! கிரீடம், தோள்ல கட்டுற புஜக்கட்டை, மார்புப் பதக்கம், காதோரம் வைக்கிற கட்டை... எல்லாம் மரத்துல செதுக்கி, கலர் தாள் ஒட்டி, சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டு பதிச்சது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல அந்தக் கண்ணாடி மின்னுறதுக்குத்தான் அவ்வளவு மெனக்கெடல்.

இதுக்கெல்லாம் பொதுப்பேர்தான் 'கட்டை'. இந்தக் கட்டை கட்டி ஆடுற வேஷங்களாலதான் இதைக் கட்டைக்கூத்துன்னும் சொல்றாங்க. 'தெருக்கூத்து'ங்கிற பேரைவிட இதுதான் எங்களுக்கு மரியாதைன்னு நினைக்கிற கலைஞர்களும் உண்டு.

தூக்கிப் பாத்தேன். பெரிய உருவம், ஆனா பஞ்சு மாதிரி கனம். "என்ன மரம்ப்பா இது?"ன்னு கேட்டேன். வெளியே வேலியைக் காட்டினார். சிவப்பாப் பூத்து நின்ன அதே கல்யாண முருங்கை!

காரணம் இருக்கு பாஸ். கூத்துல ராஜா வேஷம் சும்மா நடந்து வர முடியாது. முதல்ல ரெண்டு பேர் பிடிக்கிற திரைக்குப் பின்னாடி நின்னு தன் பெருமையைப் பாடணும். அப்புறம் திரை விலகி, கட்டியக்காரன் கேக்குற குறும்புக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லணும். அப்புறம் கிறிக்கி அடிக்கணும், அதாவது பம்பரமா சுத்தணும். தேக்குல கட்டை செஞ்சு கட்டினா நாலு சுத்துல துரியோதனன் படுகளத்துக்கு முன்னாடியே படுத்துடுவான். கல்யாண முருங்கை லேசான, மென்மையான மரம். ஈரத்தோட வெட்டி, நல்லாக் காய வெச்சு, உளி போட்டா வெண்ணெய் மாதிரி இழையும்.

எனக்கும் புஜக்கட்டையைக் கட்டிவிட்டாங்க. ரொம்ப ஸ்டைலா ஒரு கிறிக்கி அடிச்சேன். இந்தியன் ரப்பர் பந்து மாதிரி திண்ணையில போய் விழுந்தேன். ரூம்மேட் அன்னிக்குத்தான் வாய்விட்டுச் சிரிச்சான்!

ஏன் இளவேனில்?

வடதமிழ்நாட்டுல கூத்து சீசன் பங்குனியில களைகட்டி ஆடி வரைக்கும் போகும். திரௌபதி அம்மன் கோயில்கள்ல பாரதத் திருவிழா நடக்கும். பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. மண்ணும் மரமும் சும்மா பேக்கிரவுண்டுல நிக்காது, அதுவும் நடிக்கும். அர்ச்சுனன் தபசு அன்னிக்கு நட்டு வெச்ச உயரமான மரத்துல அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கிட்டே ஏறுவார். கடைசி நாள் படுகளத்துல, தரையில களிமண்ணாலயே பிரம்மாண்டமான துரியோதனனைப் படுக்க வெச்சிருப்பாங்க. ஊரே சேர்ந்து மண்ணுல செய்யற சிற்பம், ஒரே நாள் ஆயுசு.

சித்திரையில உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்துல கூத்தாண்டவர் திருவிழா. திருநங்கையர் தாலி கட்டிக்கிறதும், மறுநாள் அறுத்து அழறதும் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அந்த அரவானும் மகாபாரதத்துல இருந்து வந்தவன்தான். தேர்ல நிக்கிற அவன் உருவத்துக்கான பாகங்கள் சுத்துப்பட்டு ஊர்கள்ல இருந்து வந்துதான் ஒண்ணு சேரும்.

மரத்துல கை வைக்கிறது இந்த மண்ணுக்குப் புதுசும் இல்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. அடுத்த வருஷமே, 2022-ல், நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கும் கிடைச்சது. ஆனா குறியீடு கிடைச்சா மட்டும் உளி தானா செதுக்காது. அதைப் பிடிக்க ஒரு கை வேணும்.

கூத்தாடின்னா யாரு?

இப்போ அந்த வார்த்தைக்கு வருவோம்.

1977-ல் நா.முத்துசாமி சென்னையில ஒரு நாடக அமைப்பு ஆரம்பிச்சப்போ வெச்ச பேரே 'கூத்துப்பட்டறை'. அதுக்கு முன்னாடி புரிசை நடேசத் தம்பிரானோட கூத்தைப் பாத்து அசந்துபோனவர் அவர். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில இருந்து கண்ணப்பத் தம்பிரான் வந்து அங்கே நடிகர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பசுபதி, கலைராணி எல்லாம் அந்தப் பட்டறையில இருந்து வந்தவங்க. விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதிக்கிட்டே நடிப்பைக் கவனிச்சவர். நீங்க விசில் அடிக்கிற நடிப்புக்குப் பின்னாடி ஒரு கிராமத்துக் கூத்து வாத்தியார் நிக்கிறார்.

2025 பத்மஸ்ரீ பட்டியலை ஞாபகம் இருக்கா? கிரிக்கெட் அஸ்வின் பேரை எல்லாரும் ஸ்டேட்டஸ் வெச்சோம். அதே பட்டியல்ல தமிழ்நாட்டுல இருந்து இவங்களும் இருந்தாங்க: தெருக்கூத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தன், பறைக்காக வேலு ஆசான். அவங்களுக்கு எத்தனை பேர் ஸ்டேட்டஸ் வெச்சோம்?

பறைன்னதும் ஒரு விஷயத்தை ஓப்பனா பேசிடலாம். பறைச் சட்டம் வேப்ப மரத்துல செய்யறது. தோலை ஒட்டுற பசை புளியங்கொட்டையில காய்ச்சறது. ஒரு கையில பூவரசங்குச்சி, இன்னொரு கையில மூங்கில் சிம்பு. அடிக்கிறதுக்கு முன்னாடி தீயில காய்ச்சினா தோல் இறுகி சுருதி ஏறும். எவ்ளோ அழகான நேச்சர் கிராஃப்ட்! ஆனா தோலைத் தொடுறவனைத் தொடாதேன்னு இந்த ஊர் சொல்லிச்சு. அடிக்கிற சத்தம் வேணும், அடிக்கிற ஆள் தள்ளி நிக்கணும். இன்னிக்கு ஐ.டி. கம்பெனி ஆட்கள் வீக் எண்ட்ல பறை கத்துக்கிறாங்க. சந்தோஷம்தான். ஆனா கத்துக்கிறவங்க தாளத்தோட அந்த வரலாற்றையும் சேர்த்துக் கத்துக்கணும். இல்லைன்னா அது இன்னொரு ஜிம் கிளாஸ் மாதிரி ஆயிடும்.

ஒரு சீசன் போனா...

கூத்துக்காரங்களுக்கு வருஷம் பூரா வருமானம் கிடையாது. வெற்றிலை பாக்கு மாத்தி, தாம்பூலம் வாங்கி, அட்வான்ஸ் பிடிச்சு, அந்த சில மாசத்துல சம்பாதிக்கிறதுதான். மீதி நாள்ல விவசாயம், கூலி, பெயின்ட் வேலை.

2020 மார்ச் 25-ல ஊரடங்கு. தேதியைக் கவனிங்க. பங்குனி! சரியா சீசன் தொடங்குற நேரம். அந்த வருஷம் போச்சு. 2021-லயும் மே மாச ஊரடங்கு நடு சீசன்ல வந்து விழுந்தது. காஞ்சிபுரம் பக்கத்துல புஞ்சரசந்தாங்கல்ல, பசங்களோட பொண்ணுங்களுக்கும் சேர்த்துக் கூத்தும் பள்ளிப் படிப்பும் சொல்லிக் கொடுத்த கட்டைக்கூத்து குருகுலம் 2002-ல தொடங்கினது. அதுவும் 2020-ல முடிவுக்கு வந்துச்சு.

என் ரூம்மேட் அப்போ சென்னையில நல்ல வேலையில இருந்தான். அப்பா வாங்கின அட்வான்ஸை எல்லாம் இவன்தான் ஊர் ஊரா திருப்பிக் கொடுத்தான். ரெண்டு வருஷம் கழிச்சு மரப்பெட்டியைத் திறந்தா, புஜக்கட்டையில செல்லு அரிச்சு, கண்ணாடியெல்லாம் உதிர்ந்து கிடக்கு. புதுசா செய்யலாம்னு மரம் தேடினா, வேலியோரத்துக் கல்யாண முருங்கையையே காணோம். வேலியெல்லாம் கம்பி வேலி ஆயிடுச்சு. போதாக்குறைக்கு இந்த மரத்தோட இலையையும் குருத்தையும் வீங்க வெச்சு நாசம் பண்ற ஒரு துளியூண்டு குளவி வேற இருக்கு. 2004-லதான் விஞ்ஞானிகள் அதுக்குப் பேரே வெச்சாங்க. அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துலயே அது இந்தியாவுக்கும் வந்து சேந்துடுச்சு.

கடைசியில யார் வீட்டுக் கொல்லையிலயோ ஒரு மரம் கிடைச்சது. அப்பா அளவு சொல்ல, பையன் உளி பிடிச்சான். நானும் ஒரு சனிக்கிழமை போய் கண்ணாடித் துண்டு ஒட்டினேன். நாலு ஒட்டினேன், மூணு கோணல். அப்பா பிரிச்சு எடுத்து மறுபடி ஒட்டினார்.

"பையன் உங்க வேஷத்தைக் கட்டுவானாப்பா?"ன்னு அவரைக் கேட்டேன். "எதுக்கு தம்பி? அவன் வேலைக்குப் போவட்டும். இது சோறு போடாது. ஆனா ஒரு ராத்திரி பின்பாட்டுக்கு ஆள் வரலைன்னா அவன் நிப்பான். அது எனக்குத் தெரியும்"னார்.

அந்தப் பதில்ல எனக்கு இன்னும் ஒரு சங்கடம் இருக்கு. கலை வாழணும்னு நான் இங்கே உக்காந்து எழுதிடலாம். தன் பையன் அதுல வாழ வேணாம்னு நினைக்கிற அப்பாவை நான் எப்படித் தப்புன்னு சொல்றது? அதனால உங்களைக் கூத்துக்காரங்களா மாறச் சொல்லலை. ஒரு லீவுல, ஒரு வாத்தியார்கிட்ட, ஒரே ஒரு விஷயம் கத்துக்கங்க. அதுக்கு உரிய காசைக் கொடுத்துக் கத்துக்கங்க. அவ்ளோதான்.

இந்த லீவுக்கு ஹோம் ஒர்க்!

1. பூவரச இலையில பீப்பீ செஞ்சு ஊதுங்க. பத்து இலை கணக்கு ஞாபகம் இருக்கட்டும். தெரு நாய் குரைச்சா நீங்க பாஸ்!

2. பங்குனி முதல் ஆடிக்குள்ள ஒரு கூத்தை விடிய விடியப் பாருங்க. ரெண்டு நிமிஷம் ரீல்ஸ் எடுத்துட்டுக் கிளம்பாதீங்க. விடியற்காலை நாலு மணிக்குத்தான் ஆட்டமே சூடு பிடிக்கும்.

3. முடிஞ்சதும் வாத்தியாரைப் போய்ப் பாருங்க. 'சார், செல்ஃபி'ன்னு நிக்காம, 'தாளம் பிடிக்கச் சொல்லித் தருவீங்களா ஐயா?'ன்னு கேளுங்க. முதல் பாடம் தாளம்தான். அது பிடிபட்டா பின்பாட்டு தானா வரும்.

4. உங்க கல்ச்சுரல்ஸுக்கு டி.ஜே.வுக்குக் கொடுக்கிற பட்ஜெட்ல பாதியை வெச்சு ஒரு ஜமாவைக் கூப்பிடுங்க. அரை மணி நேரம் 'ஃபோக் ஐட்டம்'னு சுருக்காம, ஒரு முழுக் கதை ஆட விடுங்க. தாம்பூலம் கொடுத்து மரியாதையா கூப்பிடுங்க.

5. கல்யாண முருங்கைக் கொம்பு ஒண்ணு வெட்டி, ஈரம் இருக்கிற இடமாப் பாத்து நடுங்க. போத்து நட்டாலே துளிர்க்கிற மரம் அது. இன்னும் சில வருஷம் கழிச்சு யாரோ ஒரு துரியோதனனுக்கு அது தோள் கொடுக்கும்.

ஆறாவதா ஒண்ணு இருக்கு. அதை நானே எனக்குக் கொடுத்துக்கிட்டேன். 'கூத்தாடி'ங்கிற வார்த்தையைத் திட்டறதுக்கு எடுக்கறதில்லை. இந்தப் பங்குனிக்கும் ரூம்மேட் ஆபீஸ்ல லீவு போட்டான். இந்த முறை பாட்டி பேரைச் சொல்லலை. லீவு லெட்டர்ல காரணம்னு இருக்கிற இடத்துல, 'கூத்து'ன்னு எழுதிக் கொடுத்தானாம். மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா?

"எந்த ஊர்ல? நானும் வரலாமா?"

என்ன ப்ரெண்ட்ஸ், நீங்களும் வர்றீங்களா? வரும்போது ஒரு பாயும் போர்வையும் மறக்காதீங்க. பங்குனி விடியல் குளிரும்!